முகமற்றோருக்கு முகமன் எதற்கு?

மொட்டைக் கடிதத்தை நாம் அறிவோம். எழுதியவன் பெயர் அதில் இராது; பிறர் மானம் மட்டும் சந்திக்கு வந்திருக்கும். ஊர்ப் பெரியவர் கைக்கு அது வந்து, அவர் கிழித்தெறிந்தால் அதோடு தீர்ந்தது. இன்றோ அது சமூக வலைத்தளங்களில் பொய்ப்பெயர்க் கணக்காக உலவுகிறது. நொடிப் பொழுதில் ஆயிரம் கைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அத்தகைய கணக்கை நீக்க முற்பட்டால், 'கருத்துரிமையை நெரிக்கிறீர்கள்!' என்ற கூக்குரல் எழுகிறது. இக்கூக்குரலை நாம் ஏற்பதற்கில்லை.

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் முஸ்லிம் பெண்களின் படங்கள் திருடப்பட்டு, கிட்ஹப் தளத்தின் வழியே ஏலப் பொருளாகக் காட்டப்பட்டன. வழக்குகள் பதிவாயின, ஆனால், அவ்வாண்டு முடியும்வரை ஒருவரும் கைதாகவில்லை. 2022 ஜனவரி முதல் நாளன்று 'புல்லி பாய்' என்ற பெயரில் அதே இழிசெயல் மீண்டும் அரங்கேறியது. இம்முறை நூறு பெண்களுக்கு மேல். அவர்களில் பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் உண்டு. இதைப் பரப்பிய கணக்குகள் சில சீக்கியப் பெயர்களைப் போர்த்திக்கொண்டிருந்தன என்று மும்பைக் காவல்துறை கூறிற்று. பெண்ணின் மானத்தைச் சூறையாடி, அப்பழியை வேறொரு சமயத்தார் தலையில் சுமத்துவதா கருத்துரிமை? அதன் பின்னரே கைதுகள் நிகழ்ந்தன. பிடிபட்டவர்களில் இருபது வயதையொட்டிய மாணவர்களும் இருந்தனர். முதற் குற்றத்தை உடனே தண்டித்திருந்தால் இரண்டாவதற்குத் துணிவு பிறந்திருக்குமா?

பேசுபவன் யார் என்று கேட்பது அடக்குமுறையன்று. ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி போன்ற பெருமக்கள், நபிமொழியென்று ஒன்று வந்தபோதே அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், நேர்மையாளர்தாமா என்று துருவி ஆராய்ந்தார்கள். இன்னாரென்று அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' எனக் குறித்து, அவர் வழி வந்த செய்தியைப் பலவீனமானதாக ஒதுக்கினார்கள். நபிமொழிக்கே இத்தனை காவல் என்றால், ஒரு பெண்ணின் மீதான பழிக்குக் காவல் வேண்டாவா?

அஞ்சி வாழும் எளியவர் பெயரை மறைத்துத் தம் துயரத்தைச் சொல்லட்டும். அதை நாம் தடுக்கவில்லை. பெயரை மறைத்துக்கொண்டு பிறர் மானத்தில் கைவைப்பதையே தடுக்கிறோம்.

நம்மவர் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. அப்பெண்களின் படங்கள் ஏலமிடப்பட்டபோது, 'படத்தை ஏன் வெளியிட்டார்கள்?' என்று கேட்கும் வாய்கள் நம்மிடையேயும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது அருள்மறை யாரைக் கண்டித்தது? இட்டுக்கட்டியவர்களை, கேட்டவுடன் அதைப் பொய்யென்று தள்ளாமல் நாவுக்கு நாவு கடத்தியவர்களை. சூரத்துந் நூரை ஓதிவிட்டு, பாதிக்கப்பட்டவளையே கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்? 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' என்பதும் அதே கடத்தல்தான்.

ஆகவே, மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவோரும் பொது மேடைகளைப் பேணுவோரும் தயங்க வேண்டியதில்லை. ஒரே விளம்பரத்தை நாள்தோறும் கொட்டுபவன், பிறர் பெயரைத் திருடி நுழைபவன், பெண்களை இழிவுபடுத்துபவன் ஆகியோரை உடனே வெளியேற்றுங்கள். அழிக்குமுன் பதிவைப் படியெடுத்துக்கொண்டு, சைபர் குற்றப் பிரிவில் முறையிடுங்கள். பாதிக்கப்பட்டவரைத் தனியே அலையவிடாமல் உடன் செல்லுங்கள்.

ஆனால், நிர்வாகத்திடம் கணக்குக் கேட்பவனையும் மாற்றுக் கருத்துச் சொல்பவனையும் 'விஷமி' என்று பட்டம் கட்டி வெளியேற்றாதீர்கள். செய்தியை ஆராயுமாறு ஆறாம் வசனத்தில் பணிக்கும் சூரத்துல் ஹுஜுராத், பன்னிரண்டாம் வசனத்தில் வீண் சந்தேகத்தையும் துருவித் துருவி ஒற்றறிவதையும் தடுக்கிறது. வெளியேற்றம் செயலுக்காக இருக்கட்டும், கருத்துக்காக வேண்டாம்.

வாசலில் காவல் வைப்பது விருந்தினரை விரட்டுவதற்கன்று. உள்ளே இருப்போர் அச்சமின்றிப் பேசுவதற்கே. அந்தக் காவலைக்கூடச் செய்யத் துணியாத நாம், சகோதரியரின் மானம் காப்போம் என்று மேடையேறி முழங்குவதில் பொருளில்லை.