இனாமும் கூலியும்

சாப்பாட்டுக் கடையிலும் ஓட்டலிலும் பரிமாறுகிறவனுக்கு, உண்டு எழுந்தவன் தன் கையிலிருந்து ஒன்றிரண்டு வெள்ளி கொடுக்கத்தான் வேண்டுமா என்னும் விவகாரம் நம்மவர்களுக்குள் அடிக்கடி கிளம்புகிறது. கொடுக்கிற கனவான் தம்மைத் தயாளகுணமுள்ளவரென்று எண்ணிக்கொள்கிறார். கொடாத கனவானோ, "சாப்பாட்டுக்கு விலை கொடுத்தாயிற்று, அதற்குமேல் என்ன?" என்று கேட்டுத் தம்மை நியாயஸ்தரென்று எண்ணிக்கொள்கிறார். இவ்விருவரும் மணிக்கணக்காய் வாதாடினாலும், இருவருக்கும் நடுவே எச்சில் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அது ஒழுங்காய்க் கைக்கு வருகிறதா என்று இருவரில் ஒருவரும் விசாரிப்பதில்லை. நாம் விசாரிக்க வந்தது அதைத்தான்.

நாம் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சம்பளக் கணக்கெழுதும் கிராணி. ஆகையால் தர்மத்தைப்பற்றிப் பேசுவதைவிடக் கணக்கைப்பற்றிப் பேசுவதே நமக்குப் பழக்கம். ஒருவன் கைக்கு வரும் பணத்தில் எது அவன் நிமிர்ந்து நின்று கேட்டு வாங்கக்கூடியது, எது பிறர் மனமிரங்கினால் மட்டும் வரக்கூடியது என்று இரண்டு பத்தியாகப் பிரித்தெழுதினால், அவன் எவ்வளவு தூரம் மனிதனாய் நடத்தப்படுகிறான் என்பது விளங்கிவிடும். முன்னதற்குக் கூலியென்று பெயர். பின்னதற்கு இனாமென்று பெயர். கூலி எவ்வளவு சொற்பமாயிருந்தாலும் அதைக் கொடாதவன்மேல் வழக்காட இடமுண்டு. இனாம் எவ்வளவு தாராளமாயிருந்தாலும் அது நாளைக்கு நின்றுபோனால் கேள்வி கிடையாது.

இனாமுக்கு வழங்கும் பெயர்களையே பாருங்கள். பக்ஷீஸ் என்கிறோம், மாமூல் என்கிறோம். தோட்டத்துப் பழைய பேச்சில் அதற்குச் 'சந்தோஷம்' என்று பெயர். யாருடைய சந்தோஷம்? கொடுக்கிற துரையினுடையதே! இந்நாட்டு மலாய்ப் பேச்சில் 'டுவிட் கோப்பி', அதாவது கோப்பிக் காசு என்றொரு சொல் உண்டு. உத்தியோகஸ்தருக்கு மறைவாய் நீட்டும் லஞ்சத்துக்கு அது பெயர். ஆங்கிலத்தில் 'டிப்' என்பதோ, வேலை சுறுக்காய் நடப்பதை உறுதிசெய்யும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளால் ஆனதென்று ஆங்கிலம் படித்தவர்கள் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது வெறுங்கட்டுக்கதை. திருடர்களின் பரிபாஷையில் 'கொடு' என்னும் பொருளில் வழங்கிய சொல் அது என்பதே அகராதிக்காரர்கள் சொல்வது. இத்தனை பெயர்களில் ஒன்றிலாவது உழைப்பைக் குறிக்கும் ஒரு சொல் உண்டா?

இவ்வழக்கம் வெள்ளைக்காரனிடம் நாம் கற்றதென்று சிலர் சொல்லுவார்கள். அது சுத்தப் பொய். நம் மூதாதையரின் கிராமங்களில் நாவிதருக்கும் வண்ணாருக்கும் வெட்டியாருக்கும் செய்த வேலைக்கு இவ்வளவென்று பேசிய கூலி இருந்ததில்லை. அறுவடையானபின் களத்தில் போய் நின்றால் அளந்து போடும் நெல்லும், பொழுது சாய்ந்தபின் வாசலில் போய் நின்றால் விழும் மீந்த சோறும், நல்ல நாளில் ஒரு பழந்துணியும்தான். வருஷமெல்லாம் ஊருக்கு உழைத்தவன், அதன் பலனை வாங்கும் வேளையில் மட்டும் யாசகனைப்போல் குனிந்து நிற்கவேண்டும். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவில் ஒரு சாண் இடைவெளி. இன்றைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் நம்மவர் சிலர் ஒற்றை வெள்ளி நோட்டை மேஜைமேல் எறிந்துவிட்டுப் போவதைக் காணும்போதெல்லாம், அந்த ஒரு சாண் இடைவெளிதான் நமக்கு ஞாபகம் வருகிறது. எறிகிறவர் பெரும்பாலும் பால்மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளை; துரை எறிந்ததைத் தம் பாட்டனார் பொறுக்கினார் என்பது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது.

கடல் தாண்டி வந்தபின் அம்முறை தொலைந்ததா? கங்காணிக்குத் தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய கணக்குப்படி 'தலைக்காசு' உண்டு. ஆளுடைய கூலியோ, 1930ஆம் வருஷத்தையொட்டி ரப்பர் விலை விழுந்தபோது கூடவே விழுந்தது. கூலியைக் கூட்டென்று கேட்டவன் கலகக்காரன். தீபாவளிக்கு முன்பணம் கேட்டுப் பங்களா வாசலில் கைகட்டி நின்றவன் நல்ல பிள்ளை. 1941இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கேட்டவற்றுள் கூலி உயர்வும், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலியும் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரையும் தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தரையும் எதிரில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பதே அது. அந்த ஆசிய உத்தியோகஸ்தர் யாவர்? நம் கிராணிமாரும் அவர்களில் சேர்ந்தவர்களே! கூலியும் மரியாதையும் ஒரே மனுவில் எழுதப்பட்டன என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். 'சந்தோஷம்' சற்று அதிகமாய்க் கொடுங்கள் என்று அவர்கள் எழுதவில்லை. சர்க்கார் பட்டாளத்தை அனுப்பிச் சுட்டதும், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டதும் சரித்திரம்.

நம் தோட்டத்துப் பாடமே அமெரிக்க ரயில்வண்டியிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1865இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், புல்மன் கம்பெனி தன் படுக்கை வண்டிகளில் ஊழியஞ்செய்யக் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் சொற்பம்; மிச்சத்தைப் பிரயாணிகளின் இனாமில் தேடிக்கொள்ளவேண்டியது. பிரயாணிகளோ அவ்வூழியரின் சொந்தப் பெயரைக்கூட விசாரியாமல், கம்பெனி முதலாளியின் பெயரால் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் கண்டு, 1937இல் கம்பெனியிடம் ஒப்பந்தம் பெற்ற பிறகே அவர்கள் நிலை மாறத் தொடங்கிற்று. ஆயினும் அந்நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த ஏற்பாடு இன்னும் சாகவில்லை. இனாம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலியை மத்திய சட்டம் 1991இல் மணிக்கு 2.13 டாலரென்று வைத்தது, இன்றும் அதுவே. மற்றத் தொழிலாளருக்குரிய 7.25 டாலர்வரை மிச்சத்தை இனாம் நிரப்பவேண்டும்; நிரம்பாவிட்டால் மாத்திரமே முதலாளி தன் பையைத் திறக்கவேண்டும். பல மாகாணங்கள் இதைவிட அதிகம் வைத்திருப்பது மெய்தான். ஆனாலும் தத்துவத்தைப் பாருங்கள். உண்பவனுடைய தயாளம் முதலாளியின் கடனை அடைக்கிறது!

இந்த வித்தையை நம் நாட்டிலும் செய்து பார்த்தார்கள். பெரிய ஓட்டல்களில் பில்லோடு 10 சதவீதம் சேவைக் கட்டணம் வசூலித்து, தொழிற்சங்க ஒப்பந்தப்படி அதைப் புள்ளிக் கணக்கில் ஊழியருக்குப் பங்கிடுவது நெடுநாளைய வழக்கம். 2013இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அமலுக்கு வந்து, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று விதித்தது. அப்போது கிளம்பிய வாதத்தை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குவோம். ஒருவனுக்கு அடிப்படைச் சம்பளம் 500 வெள்ளி, சேவைக் கட்டணத்தில் பங்கு 400 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டையும் கூட்டினால் 900 ஆகிவிட்டது, சட்டம் நிறைவேறிற்று, நாங்கள் ஒரு காசும் கூட்டவேண்டியதில்லை" என்பது முதலாளி தரப்பு. சட்டத்தால் உயரவேண்டிய 400 வெள்ளியை, ஏற்கெனவே அவன் வாங்கிக்கொண்டிருந்த 400 வெள்ளியாலேயே கொடுத்துவிடுகிறார்களாம்! எம் கணக்குப் புத்தகத்தில் நாம் இப்படி எழுதினால் தணிக்கைக்காரர் மறுநாளே எம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பெட்டாலிங் ஜெயாவின் கிரிஸ்டல் கிரவுன் ஓட்டலுக்கும், ஓட்டல், மதுக்கூட, உணவகத் தொழிலாளரின் தேசியச் சங்கத்துக்கும் இதுபற்றி நடந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை ஏறிற்று. 2021இல் அந்நீதிமன்றம் ஓட்டலின் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. சேவைக் கட்டணம் ஊழியருக்குச் சேர்ந்த பணம், அதைக்கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பலாகாது என்பது தீர்ப்பின் சாரம். இனாமாய்ப் பிறந்த காசு சங்கத்தின் கைபட்டுக் கூலியாய் வளர்ந்த கதை இது. இங்கிலாந்தில்கூட, வாடிக்கைக்காரர் கொடுத்த இனாமைப் பிடித்தமில்லாமல் ஊழியருக்கே சேர்ப்பிக்கவேண்டுமென்னும் 2023ஆம் வருஷத்துச் சட்டம் 2024 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தது.

இந்தியாவில் நடந்தது வேறு. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாய் வசூலிக்கலாகாதென்று 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் சொல்லிற்று. அதை நம்மவர் பலர் கொண்டாடினார்கள். உண்பவனுக்கு நல்ல தீர்ப்புத்தான். அவன் சம்மதமின்றி அவன் பையில் கைவிடலாகாது என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் வழக்கு உண்பவனைப் பற்றியது. பரிமாறுகிறவனுடைய கூலி அந்த 10 சதவீதத்துக்குப் பதிலாய் எங்கிருந்து உயரும் என்று கொண்டாடியவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

நிற்க, ஈப்போவுக்கு வருவோம். சங்கமுள்ள பெரிய ஓட்டலை விட்டுவிடுங்கள். லஹாட் சாலையிலும் புந்தோங்கிலும், தோட்டத்தை விட்டு வந்த நம் ஜனங்கள் உண்ணும் கடைகளில் பரிமாறுகிறவர் யார்? பலவிடங்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வேறு தேசங்களிலிருந்தும் பெர்மிட்டில் வந்தவர்கள். அந்தப் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது; அவர் பிடிக்கவில்லையென்றால் எதிர்க் கடைக்குப் போக முடியாது. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் அந்நியத் தொழிலாளருக்கும் உரியதென்பது சட்டம். (வீட்டு வேலைக்காரருக்கு அதுவும் இல்லை, அந்த வெட்கக்கேட்டைத் தனியே எழுதவேண்டும்.) ஆனால் பெர்மிட்டை முதலாளியின் பெட்டியில் வைத்துவிட்டு வந்தவனுக்குச் சட்டத்தின் பக்கத்தைப் புரட்டக் கை வருமா? இத்தகையவனைத்தான் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒருங்கே 'அண்ணே' என்று அழைக்கிறோம். முறையென்னவோ அண்ணன் முறைதான். நடத்தை கடைசித் தம்பியினுடையதைவிடக் கேவலம்.

சில கடைகளில் பில்லில் 10 சதவீதம் இருக்கிறது. அதன் கீழேயே 6 சதவீதம் சேவை வரியும் இருக்கிறது. பின்னது சர்க்காருக்குப் போவது; முன்னது சர்க்காருக்குப் போவதன்று. பெயர்கள் ஒட்டிப் பிறந்தவைபோல் இருப்பதால், இரண்டும் வரியென்றே ஜனங்கள் நம்பிக் கொடுத்துவிட்டு, "வரியே இவ்வளவு, இனாம் வேறா?" என்று பரிமாறியவன்மேல் கோபித்துக்கொண்டு போகிறார்கள். பெயர் சொல்லவேண்டாத ஒரு கடையில், "இந்தப் பத்து உங்களுக்கு வருகிறதா, அண்ணே?" என்று நாம் கேட்டோம். அவர் பதில் சொல்லுமுன் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "முதலாளியத்தான் கேக்கணும், சார்" என்றார். கல்லாவில் கேட்டோம். "எல்லாம் கணக்குல சேர்ந்துடும்" என்றார்கள். யாருடைய கணக்கு என்று கேட்டதற்குப் பதிலில்லை.

இப்போது கியூ.ஆர். சதுரத்தைக் கைப்பேசியில் காட்டிப் பணம் கட்டும் வழக்கம் பரவிவிட்டது. பில் 18 வெள்ளி 40 காசென்றால் 18 வெள்ளி 40 காசே போகிறது. மீதிச் சில்லறையை 'வைத்துக்கொள்' என்று விடும் பழக்கம் சந்தடியில்லாமல் ஒழிந்து வருகிறது. சில்லறை ஒழிந்ததில் நமக்கு வருத்தமில்லை. அச்சில்லறை ஒழிந்ததற்கு ஈடாய் எவன் சம்பளத்திலாவது ஒரு வெள்ளி ஏறிற்றா என்பதே கேள்வி.

இவ்வளவும் சொன்னதால் நாம் இனாம் கொடாதே என்று உபதேசிப்பதாய்க் கொடாத கனவான் சந்தோஷப்படவேண்டாம். ஜப்பானில் இனாம் கொடுப்பதில்லையே என்று அவர் உதாரணம் காட்டுவார். உதாரணத்தில் பாதியை மட்டும் இறக்குமதி செய்கிறாரே தவிர, அங்கே கடைக்காரன் ஊழியனுக்கு என்ன கொடுக்கிறான் என்னும் மறுபாதியைத் துறைமுகத்திலேயே விட்டுவிடுகிறார். கூலி சரியாகும்வரை கொடுப்பதை நிறுத்தினால், அந்தக் கொள்கைக்கான செலவு நம் பையிலிருந்து போவதில்லை. பரிமாறியவன் பையிலிருந்து போகிறது. பிறன் செலவில் கொள்கை பேசுவது சுலபம். ஆகவே கொடுங்கள், எறியாமல் கையில் கொடுங்கள், கல்லாவில் சேர்க்காமல் அவரிடமே கொடுங்கள். கொடுத்ததற்காக அவர் சிரிக்கவேண்டும், குனியவேண்டும், அடுத்தமுறை அப்பளம் ஒன்று அதிகம் வைக்கவேண்டும் என்று எதிர்பாராதீர்கள். அப்பளத்துக்காகக் கொடுத்தால் அது கோப்பிக் காசேதான்.

கடை முதலாளிகளிடம் நாம் கேட்பது அதிகமில்லை. பில்லில் சேவைக் கட்டணம் என்று அச்சிடுகிறவர்கள், அதன் பக்கத்திலேயே 'இத்தொகை முழுதும் ஊழியருக்குப் பங்கிடப்படுகிறது' என்று தமிழிலும் மலாயிலும் அச்சிடட்டும். மாதக் கடைசியில் வசூலான தொகையையும் ஒவ்வொருவர் பங்கையும் எழுதிச் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டட்டும். முன்னூறு பேருடைய பேரேட்டைக் கையாளும் எமக்கு, பத்துப் பன்னிரண்டு பேருடைய கணக்கை எழுத ஒரு மணி நேரம் போதுமென்று தெரியும். ஆள் இல்லையென்றால் நாமே வந்து எழுதிக்கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம். உண்பவர்களும் பணங்கட்டுமுன் கல்லாவில் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் கடைகள் எவையெவையென்று பார்த்து வைத்துக்கொள்வோம்.