கதவு அட்டைக்குப் பின்னால் இருப்பது என்ன?

மழை விட்டு, மும்பையில் அக்டோபர் வெயில் ஏறத் தொடங்கியதும், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை பிறந்துவிடுகிறது. கதவின் உள்பக்கத்து ரெக்சின் உப்பி நிற்கிறது. அதன் கீழே உள்ள அட்டை ஊறிப் பிளந்து, கிளிப்புகள் பிடி விட்டு, கதவைச் சாத்தும்போதெல்லாம் சடசடவென்று அடிக்கிறது. கூரையின் உள்துணி தொங்கிப் பின் சீட்டில் உட்காருபவர் தலையைத் தொடுகிறது. கால் விரிப்பைத் தூக்கினால் பூஞ்சை வாடை.

இந்த நிலையில் நம்மவர்கள் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் "எஞ்சின் ஓடுகிறதல்லவா, போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் பளபளப்பான புதிய ரெக்சினைப் பழைய அட்டையின் மேலேயே இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர், உள்ளே அசிங்கமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, 5 ஆண்டோ 7 ஆண்டோ தவணை கட்டும்படி புது வண்டி வாங்கிக் கழுத்தை நீட்டுகிறார்கள்.

மூன்றுமே தவறு. இரண்டாவது, தவறு மட்டுமல்ல. பிறருக்குச் செய்யும் தீங்கும் ஆகலாம்.

தண்ணீர் வரும் வழி

கார்க் கதவு என்பது வெறும் தகரம் அல்ல. அது உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு பெட்டி. கண்ணாடி இறங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால் மேலே நீளமான பிளவு இருக்கிறது. அந்தப் பிளவின் ஓரத்தில் பீடிங் ரப்பர். மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் தண்ணீரில் கொஞ்சம் அந்த ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். புது வண்டியிலும் இறங்கும். அது தெரிந்துதான் கதவின் அடியில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். உள் அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே, ஈரம் அட்டையைத் தொடாதிருக்க ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருக்கிறார்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டில் என்ன ஆகிறது? பீடிங் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. இறங்கும் தண்ணீர் அதிகமாகிறது. அடித்துளையில் மண்ணும் தூசியும் அடைக்கின்றன. எப்போதோ கண்ணாடி இறங்கவில்லை என்று கதவைப் பிரித்த மெக்கானிக், பிளாஸ்டிக் தாளைக் கிழித்துக் கடாசிவிட்டு அட்டையை மட்டும் மாட்டியிருப்பார். இப்போது தண்ணீருக்குப் போக வழியில்லை. அட்டைக்குக் காவலும் இல்லை. பழைய வண்டிகளின் டோர் பேட் ஹார்டுபோர்டில் ஆனது. மரத்தூள் நாரை அழுத்திச் செய்த அட்டை அது. ஈரம் பட்டால் ஊறிப் பருக்கும். கிளிப் மாட்டும் துளை கிழியும்.

ஆகவே கிழிந்த ரெக்சின் நோய் அல்ல, நோயின் அடையாளம். நோய் கதவின் அடியில் இருக்கிறது.

மூடுவது வேறு, மாற்றுவது வேறு

முறையான வேலை பெரிய வித்தை அல்ல. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவு திறக்கும் பிடி, கைவைக்கும் பலகை இவற்றைக் கழற்றினால், சுற்றியுள்ள கிளிப்புகளை அகலமான தட்டைக் கம்பியால் ஒவ்வொன்றாக நெம்பி அட்டையை எடுத்துவிடலாம். ஊறிப்போன அந்த அட்டையைத் தூக்கி எறியக் கூடாது. புது அட்டைக்கு அதுதான் அச்சு. 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டின் மேல் அதை வைத்துக் கோடு இழுத்து, வெட்டித் துளைகளையும் அதே இடத்தில் போட வேண்டும். வெட்டிய ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு கை பெயிண்டோ வார்னிஷோ அடிக்க வேண்டும். ஈரம் ஏறுவது ஓரத்தின் வழியாகத்தான். அதன் பிறகே மெல்லிய பஞ்சு, மேலே ரெக்சின். ரெக்சினின் விளிம்பை இரண்டு சென்டிமீட்டராவது பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அட்டையைக் கழற்றியதும் விளக்கைப் பிடித்துக் கதவின் உள்ளே பார்க்க வேண்டும். அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பீடிங் ரப்பரை மாற்ற வேண்டும். புதிய பிளாஸ்டிக் தாளை ஒட்ட வேண்டும். இந்த ஐந்தும் இல்லாமல் போடும் புது ரெக்சின், அடுத்த ஆடி மழை வரைக்கும்தான்.

கூரைத் துணிக்கும் இதே கதைதான். துணிக்குப் பின்னால் பஞ்சு ஒட்டிய கூரையில், ஆண்டுக் கணக்கான வெயிலில் அந்தப் பஞ்சு பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியின் மேலேயே சொல்யூஷனைத் தடவி அழுத்தினால் ஒரு வாரம் நிற்கும். பிறகு மறுபடியும் தொங்கும். பழைய பஞ்சை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புதிதாக ஒட்ட வேண்டும். தரை விரிப்பு ஈரமாக இருந்தால் அதை எடுத்து, அடித்தகரத்தை வெயிலில் காயவிட்டு, துரு இருக்கிறதா என்று பார்த்த பிறகே புது விரிப்பு.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கதவு அட்டையில் பெரிய ஓட்டை போட்டு ஸ்பீக்கர் வைப்பதும், ஃபியூஸ் இல்லாமல் விளக்குக்கு வயர் இழுப்பதும் வண்டிக்குள்ளேயே கொள்ளியை வைப்பதற்குச் சமம். மலிவான பஞ்சும் ரெக்சினும் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதைத் தீயணைப்புக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முழுப் பூசணிக்காய்

இப்போது அந்த இரண்டாவது ரகத்தாரைப் பற்றிப் பேச வேண்டும். பழைய வண்டியை விற்பதற்கு முன்னால் உள்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. புது ரெக்சின், புது சீட் கவர், கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை. வாங்க வருகிறவர் யார்? பெரும்பாலும், வாழ்க்கையில் முதல் முறையாகக் கார் வாங்கும் ஒரு குமாஸ்தா. அல்லது மில் மூடியபோது கிடைத்த பணத்தைப் பத்திரமாக வைத்திருந்த ஒரு தொழிலாளியின் மகன். வீட்டம்மாவும் பிள்ளைகளும் உள்ளே ஏறி உட்கார்ந்து, "புதுசு மாதிரியே இருக்கு" என்கிறார்கள். கை நீட்டிப் பணம் கொடுத்தாகிவிட்டது. ஒரு மழைக்காலம் போனதும் கதவின் அடித்தகரம் கையோடு உதிர்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாகச் சொல்வார்கள். இங்கே துருவை ரெக்சினில் மறைக்கிறார்கள். அதிலும் வேதனை என்னவென்றால், விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஊர்க்காரராக, ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருப்பதுதான். "நம்ம ஊர்க்காரர் ஏமாற்றமாட்டார்" என்ற நம்பிக்கையில்தான் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் எத்தனையோ கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. வங்கிக் காகிதம் இல்லாத இடத்தில் அந்த நம்பிக்கைதான் மூலதனம். சில ஆயிரத்துக்காக அதைச் செலவு செய்யலாமா?

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூச்சப்படாதீர்கள். "அண்ணாச்சி, ஒரு கதவின் பேடை மட்டும் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். கால் மணி நேர வேலை. நேர்மையாக விற்கிறவர், "ஒன்று என்ன, நாலையும் பாருங்க தம்பி" என்பார். முகம் மாறினால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. கால் விரிப்பைத் தூக்கி அடித்தகரத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதற்கு அனுமதியும் வேண்டியதில்லை.

டாக்சி சொல்லித் தந்தது

உள்பக்கத்தைப் பேணுவது எப்படி என்பதை இந்த நகரத்துக்குக் கற்பித்தவை கறுப்பு மஞ்சள் டாக்சிகள். குர்லா தொழிற்சாலையில் 1964 முதல் தயாரான பியட் 1100 டிலைட், 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி ஊரெங்கும் ஓடியது. முன்னால் ஒரே நீள சீட். ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். காலையில் ஒருவரும் இரவில் ஒருவரும் ஓட்ட, நாள் முழுவதும் ஆட்கள் ஏறி இறங்கிய அந்த வண்டிகளில் ரெக்சினும் அட்டையும் எத்தனை தடவை மாறியிருக்கும்! கூரையில் பூப்போட்ட ஷீட் ஒட்டி, அதைத் தன் வீட்டுக் கூடம் போல வைத்திருந்த டிரைவர்கள் உண்டு. 2015இல் இளம் ஓவியர்கள் சிலர் கூடி, டாக்சிகளின் சீட்டுக்கும் கூரைக்கும் தனித்தனிச் சித்திரத் துணி வடிவமைத்துக் கொடுத்தபோது நகரமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம். டாக்சிக்கு ஆர்.டி.ஓ. தகுதிச் சான்று வேண்டும். தகரம் போனால் சான்று போகும். சான்று போனால் சோறு போகும். எனவே நல்ல டாக்சிக்காரர் ரெக்சினைப் பிரித்தபோதெல்லாம் தகரத்தையும் பார்த்தார். டாக்சிக்கு 20 ஆண்டு என்ற வயது வரம்பினால், 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சியின் காலமும் 2023 அக்டோபரில் முடிந்தது. வண்டி போய்விட்டது, பாடம் இருக்கிறது.

புகை விடும் வண்டியைக் காப்பாற்றவா?

பழைய காருக்கு வக்காலத்து வாங்குவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாப் பழைய வண்டியும் காப்பாற்றத் தக்கதல்ல. கதவு உதிரலாம், மாற்றிவிடலாம். வண்டியின் எலும்பான அடிச்சட்டமும் சீட் பெல்ட் கோத்த இடமும் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால், அதற்குமேல் ரெக்சினுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றுவது பாவம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த வாகன அழிப்புக் கொள்கையின்படி, அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொள்வதே மரியாதை.

செலவுக் கணக்கையும் முதலிலேயே போட வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டில் முடிகிறது. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. மாருதி 800 கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபோது மும்பை உள்ளிட்ட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் தயாரிப்பும் நின்றது. இங்கே ஓடும் மாருதி 800 பெரும்பாலும் இந்தக் கட்டணத்துக்கு ஆளானவைதான். எனவே முதலில் எஞ்சின், பிரேக், அடிச்சட்டம், புகைச் சான்று. இவை சரியாக இருந்தால் மட்டுமே உள் அலங்காரம்.

இவை சரியாக இருக்கும் வண்டியை, கிழிந்த ரெக்சினுக்காகத் தள்ளிவிடுவதும் அறிவீனம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுக்கும் காருக்கு ஏழு ஆண்டுத் தவணை எதற்கு? அந்தத் தவணைப் பணத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் மணியார்டர் இருந்தது, இன்று அது வங்கிக் கணக்குக்குப் போகிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் பெரியவர்கள். கந்தையை மறைத்துக் கட்டு என்று சொல்லவில்லை.

குஷன்காரர் கூலி

கடைசியாக, இந்த வேலையைச் செய்கிறவரை நினைக்க வேண்டும். சாலையோரத்துக் குஷன் கடையில், ஒரு தையல் மெஷினும் ஒரு கத்தரியும் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். தோலையும் ரெக்சினையும் தைக்கும் தொழிலுக்கும் தமிழர்களுக்கும் இந்த நகரத்தில் நீண்ட காலத் தொடர்பு உண்டு. தாராவியைப் பார்த்தாலே தெரியும். இன்றைய புதுக் கார்களில் கதவின் உள்பக்கம் அச்சில் வார்த்த ஒரே பிளாஸ்டிக். உடைந்தால் கம்பெனியில் புதிது வாங்க வேண்டும். கத்தரிக்கும் ஊசிக்கும் அங்கே வேலை குறைவு. பழைய வண்டி குறையக் குறைய இவருடைய வேலையும் குறைகிறது.

அப்படிப்பட்டவரிடம் பேரம் பேசிப் பேசிப் பாதிக் கூலிக்கு இறக்கினால் என்ன நடக்கும்? அவர் பழைய அட்டையின் மேலேயே ஒட்டித் தருவார். அடித்துளையைத் திறக்க மாட்டார். பிளாஸ்டிக் தாளைத் தேட மாட்டார். குற்றம் அவருடையதா, நம்முடையதா? "துருவைச் சுரண்டி, தாள் ஒட்டி, ஓரத்துக்குப் பெயிண்ட் அடித்துச் செய்யுங்கள். அதற்கு என்ன கூலியோ வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கூடவே பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வேலை வேறு மாதிரி வரும்.

வண்டியின் வெளிப்பக்கம் ஊராருக்கு. உள்பக்கம் வீட்டாருக்கு. அட்டைக்குப் பின்னால் இருப்பதோ, செய்கிறவருக்கும் செய்யச் சொல்கிறவருக்கும் மட்டுமே தெரியும். அந்த இடத்தில் ஒழுங்காக இருப்பவரிடம் எந்த வண்டியையும் நம்பி வாங்கலாம்.