கடிக்கும் பல்லுக்கு எந்தக் கம்பி?

திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காடு இரும்பு எஃகு அங்காடிக்குப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்பது இரண்டே கேள்விதான்: என்ன கேஜ், எத்தனை கிலோ? எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. சி.எம்.டி.ஏ. அமைத்த அந்த மொத்தச் சந்தையில் புரள்வது கட்டடக் கம்பியும் தகடும் சேனலும். அதைச் சுற்றியுள்ள வெல்டிங் பட்டறைகளிலும் காயலான் கடைகளிலும் கூண்டுக்குச் சாமான் தேடுவது வடசென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. மொட்டை மாடியில் பந்தயப் புறாவுக்கும் சந்துக்குள் கோழிக்கும் கூண்டு அடித்துப் பழகிய கைகள் அவை. இப்போது அதே கைகளிடம் பிள்ளைகள் ஹாம்ஸ்டருக்குக் கூண்டு கேட்கிறார்கள்.

கூண்டு அடிப்பதில் தவறில்லை. கடையில் தொங்கும் ரெடிமேட் கூண்டுகளில் பெரும்பாலானவை ஹாம்ஸ்டருக்குப் பற்றாதவை. சிக்கல், புறாவுக்குச் சரியாக இருந்தது இதற்கும் சரியாக இருக்கும் என்று நினைப்பதில் இருக்கிறது. புறா கூண்டுக்குள் உட்காரும். ஹாம்ஸ்டர் கூண்டையே தின்னப் பார்க்கும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்கு வாழ்வில்லை. ஆகவே கூண்டில் வைக்கும் ஒவ்வொரு பொருளும் பாதி தீனி என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கைக்கு வருவது ஜி.ஐ. வெல்ட் மெஷ். விலை மலிவு, துரு பிடிக்காது என்ற பெயர். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு அது. புதுக் கம்பியில் துத்தநாகம் சொட்டுச் சொட்டாக உறைந்து நிற்கும். அதைக் கொத்தி விழுங்கிய கிளிகள் நோயுற்றுச் செத்ததால் பறவை மருத்துவர்கள் 'புதுக்கம்பி நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1982-க்குப் பின் அமெரிக்க ஒரு சென்ட் காசு 97.5 விழுக்காடு துத்தநாகமாக மாறியது. அதை விழுங்கிய நாய்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தன. ஹாம்ஸ்டர் ஒரு காசை விழுங்கப் போவதில்லை. ஆனால் இரவெல்லாம் ஒரே கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும் பிராணிக்குப் பூச்சு உரியாது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

வடசென்னையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்பதைக் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று பட்டதும் ஜி.ஐ. மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது துத்தநாகத்தின் துரு. மூத்திரம் பட்ட மூலைகளில் அது இன்னும் சீக்கிரம் வரும். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்து போயிருப்பதால் அங்கே செந்துருவும் சேர்ந்துகொள்ளும். புதுக் கம்பியை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது சொட்டுகளையும் பொடியையும் குறைக்கும். அதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது மட்டும் மிகை.

பெயின்ட் அடித்துவிட்டால் போச்சு என்பார் பட்டறைக்காரர். எந்தப் பெயின்ட்? வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட்டுகள் அந்த விதிக்குள் வராதவை. தொழிற்சாலைகள் நெருங்கிக் கிடக்கும் பகுதியில் பட்டறை மூலையில் இருக்கும் அரை டின் எந்த வகை என்று டின்னைப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் லேபிள் மிஞ்சியிருந்தால். மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் என்றால் யோசிக்கவே வேண்டாம். குரோமேட் புற்றுநோய் தரும் பொருள். பல் படும் இடத்தில் எந்தப் பெயின்ட்டும் வேண்டாம் என்பதே சுருக்கமான விடை.

மரம்? துறைமுக ஊரில் மரத்துக்குப் பஞ்சமில்லை. சரக்கோடு வந்து இறங்கும் பேலட்டுகளும் பெட்டிக்கட்டைகளும் பழைய மரக்கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வாங்குமுன் பக்கவாட்டில் சூடு வைத்த முத்திரையைப் படிக்க வேண்டும். கோதுமைக் கதிர்ப் படம், இரண்டெழுத்து நாட்டுக் குறி, அப்புறம் ஹெச்.டி. அல்லது எம்.பி. பூச்சிகள் மரத்தோடு நாடு தாண்டாமல் இருக்க ஏற்பட்ட உலகளாவிய விதியின் அடையாளம் அது. ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டை 30 நிமிடம் நிறுத்தியிருக்கிறார்கள். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தம் மற்ற உபயோகங்களுக்கு ஒழித்துக்கட்டிய நச்சு, சரக்குப் பூச்சிக்காக மட்டும் விட்டு வைக்கப்பட்டது. எம்.பி. கட்டையை எடுக்காதீர்கள். உண்மையில் அந்த வாயுவைவிட, பேலட்டின் மேல் என்ன சரக்கு ஏறி வந்தது, என்ன ஒழுகியது என்பதுதான் கவலை. அதற்கு எந்த முத்திரையும் கிடையாது. எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் ஹெச்.டி. கட்டையும் அடுப்புக்குக்கூட ஆகாது.

பிளைவுட்டில் விலை கூடியது நல்லது என்ற எண்ணம் இங்கே தலைகீழாகும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளை தண்ணீருக்கு அசையாதுதான். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க மருந்தேற்றிய பலகை அது. கொறிக்கும் பிராணிக்கு மருந்தில்லாத, ரம்பம் மட்டும் பட்ட பலகை போதும், ஈரத்தில் கொஞ்சம் உப்பினாலும் சரி. ஒட்டுவதற்குத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை போதும்.

மரத்தூள் பற்றியும் ஒரு பழைய எச்சரிக்கை இருக்கிறது. 1967-இல் சயன்ஸ் இதழில் எலியட் வெசெல் எழுதிய கட்டுரை, வாசனை மரங்களான சீடார், பைன் தூள் மேல் வளர்ந்த எலிகளின் கல்லீரல் நொதிகள் மாறிப்போனதைக் காட்டியது. வாசனை அடிக்கும் தூள் வேண்டாம். செய்தித்தாளும் வேண்டாம், அச்சு மையில் ஈயம் உள்ளிட்டவை இருப்பதால் உணவைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இலும் எச்சரித்தது. இந்தக் கட்டுரை அச்சாகும் தாளுக்கும் அது பொருந்தும். அச்சடிக்காத வெறும் தாளைக் கிழித்துப் போடுங்கள். பஞ்சு வேண்டவே வேண்டாம், காலில் சுற்றி இறுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கேள்வியையே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ஹாம்ஸ்டர் ஏன் கம்பியைக் கடிக்கிறது?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் சில ஹாம்ஸ்டர்களுக்கு 10 செ.மீ., சிலவற்றுக்கு 40, சிலவற்றுக்கு 80 செ.மீ. ஆழத்துக்குப் படுக்கை போட்டார்கள். 10 செ.மீ. கூட்டம் கம்பியை அதிகமாகக் கடித்தது. 80 செ.மீ. கிடைத்தவை கம்பிப் பக்கமே வரவில்லை. வளை தோண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன. மறு ஆண்டு 1,800 முதல் 10,000 சதுர செ.மீ. வரை நான்கு அளவுக் கூண்டுகளை ஒப்பிட்டபோது, சிறிய கூண்டில் கம்பி கடிக்கும் நேரம் நீண்டது. சிரியாவின் அலெப்போ அருகே 1930-இல் இஸ்ரேல் அஹரோனி தோண்டியெடுத்த ஒரு தாயின் குட்டிகள்தான் இன்று வளரும் கோல்டன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றின் மூதாதைகள். மண்ணுக்குள் பிறந்த வம்சம் அது.

நம் ஆய்வகங்களுக்கான வழிகாட்டுதல், 100 கிராமுக்கு மேற்பட்ட ஒரு ஹாம்ஸ்டருக்கு 122.5 சதுர செ.மீ. தரை ஒதுக்குகிறது. ஓர் அஞ்சலட்டையின் பரப்பு. ஜெர்மன் விலங்குநலக் கால்நடை மருத்துவர் சங்கம் சொல்லும் குறைந்தபட்சக் கூண்டு 100 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரம். சந்தையில் விற்கும் பல கூண்டுகள் ஆய்வகக் கணக்கின் பக்கமே சாய்கின்றன. நச்சில்லாத கம்பி எது என்று தேடுகிறவர்கள், கம்பியைக் கடிக்க வைப்பதே கூண்டின் குறுக்கம்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

ஆகவே வீட்டில் செய்கிறவர் கம்பிக்கூண்டு செய்வதையே கைவிடலாம். நான்கடி நீளப் பழைய மீன்தொட்டி, அல்லது மருந்தேற்றாத பலகையில் ஆழமான ஒரு பெட்டி, முடிந்தவரை உயரத்துக்குத் தாள் படுக்கை. ஒளிந்துகொள்ள, வாயோரம் உடைத்துக் கவிழ்த்த பெயின்ட் படாத மண்சட்டி, கொட்டாங்குச்சியும் நன்று. மண்சட்டி கத்திரி வெயிலில் குளிர்ச்சியாகவும் இருக்கும். தகரக் கூரைக்கு அடியில் கண்ணாடித் தொட்டியை வைப்பது கொலைக்குச் சமம். நிழலான, காற்றோட்டமான தரையில் வையுங்கள். மேல்மூடி முழுக்க வலையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மூத்திர அம்மோனியா உள்ளே தேங்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா வாயு கசிந்ததிலிருந்து அந்த நெடி என்ன செய்யும் என்று இப்பகுதிக்குத் தெரியும்.

கம்பிச் செலவு அந்த மூடிக்கு மட்டும்தான் என்பதால் அதில் கஞ்சம் பார்க்க வேண்டாம்: எஸ்.எஸ். 304 என்னும் துருப்பிடிக்காத எஃகு வலை. பெரிய கோல்டன் வகைக்கு அரை அங்குலக் கண், குட்டி ரகங்களுக்குக் கால் அங்குலம். வாங்கும்போது பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காந்தத்தை வைத்துக் காட்டி ஒட்டவில்லை பாருங்கள் என்பார் கடைக்காரர். மலிவான 202 ரகத்துக்கும் காந்தம் ஒட்டாது. உப்புக்காற்றில் அது சீக்கிரமே துரு காட்டிவிடும்.