மலைநாட்டு நீர்நிலைகளில் படகுப் பாதுகாப்பு

இலங்கையின் மலைநாட்டில், பிரித்தானிய ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்ட நுவரெலியா கிரகரி வாவியும், நீர்மின்னுற்பத்திக்காகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உருவாக்கப்பட்ட காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் அமைதியாகத் தோன்றினாலும், கடலுக்குரிய எச்சரிக்கை அங்கு வேண்டியதில்லை என்று கருதுவது பேராபத்தாகும்.

மலையிடுக்குகளில் புகும் காற்று திடீரெனத் திசைமாறுவதால், காற்றின் விசையைத் துணியில் ஏற்று நகரும் பாய்ப்படகு அங்கு எளிதில் சாயக்கூடும். ஆகவே பாயின் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியேற விடுவதும், காற்று வலுக்குமுன் பாயின் பரப்பைச் சுருக்குவதும் படகோட்டியின் முதற்பாடங்களாகும். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள கிரகரி வாவியின் குளிர்நீர் மூச்சைத் திணறடித்துக் கைகால்களை வலுவிழக்கச் செய்யுமாதலால், நீச்சல் அறிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். படகு கவிழ்ந்தால், கரைக்கு நீந்த முயலாமல் அதையே பற்றியிருத்தல் நன்று.

மவுசாகலையில் நீர்மட்டம் தாழும்போது நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் சிதைவுகள் வெளிப்படுகின்றன; நீருக்குச் சற்றுக் கீழே அவை மறைந்திருக்கும் காலத்தில் படகின் அடிப்பகுதியைப் பிளக்கவல்லவை. மேலும், காசல்ரீ, மவுசாகலை ஆகிய இரு நீர்த்தேக்கங்களும் கொழும்புக்குக் குடிநீர் தரும் களனி கங்கையின் மேற்பகுதியில் இருப்பதால், இயந்திரப் படகுகளின் எண்ணெயும் கழிவும் நீரில் கலவாதபடி பார்த்துக்கொள்வது படகோட்டியின் கடமையாகும்.

படகுகளைப் பரிசோதித்தல், ஆள்தொகைக்கு வரம்பிடுதல், மழையும் காற்றும் வலுக்கும் வேளையில் சேவையை நிறுத்துதல், மீட்புப் படகை ஆயத்தமாக வைத்தல் ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றங்களும் நீர்த்தேக்கங்களை நிர்வகிக்கும் மின்சார நிறுவனமும் உறுதிசெய்ய வேண்டும். அத்துடன், இந்நீர்நிலைகளின் கரையில் வளரும் தோட்டப் பிள்ளைகளுக்கு நீச்சலும் படகோட்டலும் முறையாகக் கற்பிக்கப்படுமாயின், அவர்களின் உயிர் காக்கப்படுவதோடு புதிய தொழில்வாய்ப்பும் திறக்கும்.