விறகின் நீளத்திலும் அறிவியல் உண்டு

பொங்கல் வந்தால் கோயில் வளாகத்திலும் பள்ளித் திடலிலும் செங்கல் அடுப்புகள் வரிசை பிடித்து நிற்கும். அடுப்பின் ஆழம் 30 செ.மீ. இருந்தால், செருகிய விறகு 60 செ.மீ. இருக்கும். பாதிக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டு புகையும், கண் எரியும். உடனே யாராவது மண்ணெண்ணெயைத் தேடுவார்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், ரம்பத்தை எடுங்கள் என்பது என் கருத்து.

குட்டை விறகு ஏன் நன்றாக எரிகிறது? படிவம் 4 வேதியியல் படித்த மாணவர்கள், "மேற்பரப்பளவு கூடுகிறது" என்று சட்டென்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

60 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள கட்டையின் மேற்பரப்பளவு 1,512 சதுர செ.மீ. அதைக் குறுக்கே இரண்டாக அறுத்தால் கூடுவது 72 சதுர செ.மீ. மட்டுமே, 5 விழுக்காடுகூட இல்லை. நெடுக்கே பிளந்தாலோ 720 சதுர செ.மீ. கூடும்; ஏறக்குறைய 48 விழுக்காடு. ஆக, மேற்பரப்பளவைக் கூட்டுவது பிளப்பதுதான். ஏற்கெனவே பிளந்த விறகைக் குறுக்குவதற்குக் காரணம் வேறு.

முதல் காரணம் வெப்பம். விறகு சூடானதும் அதிலிருந்து வாயுக்கள் வெளியேறுகின்றன. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது. நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். அடுப்பின் வாயருகே சூடாகும் கட்டையின் வாயுவோ சுவாலையைச் சேராமல் வெளியே போய்விடுகிறது. அதுதான் புகை. அதாவது, எரியாமல் வீணாகும் எரிபொருள்.

இரண்டாவது காற்று. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்புகளுக்குக் கதவு உண்டு. கட்டை நீண்டிருந்தால் கதவை மூட முடியாது. அளவுக்கு மீறிக் குளிர்காற்று நுழைந்து சுவாலையைத் தணிக்கும்.

மூன்றாவது ஈரம். மரத்தில் நீர் செல்லும் நுண்குழாய்கள் நெடுக்கே அமைந்தவை. எனவே அறுத்த முனைகள் வழியாக ஈரம் விரைவாக வெளியேறும். குட்டைக் கட்டை சீக்கிரம் காயும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராக இருக்கலாம். நல்ல விறகில் அது 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 1 கிலோ நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு 8 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்!

"நீள விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளலாமே?" என்று கேட்கலாம். தள்ளலாம்தான், நம் பாட்டிமார் அப்படித்தான் சமைத்தார்கள். ஆனால் ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் இருக்க வேண்டும். கவனம் தவறினால் தணல் வெளியே விழும். சிறுபிள்ளைகள் ஓடியாடும் திடலில் இது ஆபத்து.

புகையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. வீட்டுச் சமையல் புகை போன்றவற்றால் ஏற்படும் காற்றுத் தூய்மைக்கேடு 2020ஆம் ஆண்டில் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நமக்கு ஆண்டுக்கு ஒரு நாள் புகை. பலருக்கு அது அன்றாடம்.

அறுக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கட்டையைத் தாங்கியில் இறுக்கிப் பிடித்து, வெட்டுப்படும் முனை வெளியே தொங்குமாறு வையுங்கள். இரு முனைகளையும் தாங்க வைத்து நடுவில் அறுத்தால், கட்டை வளைந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும்.

அடுத்த பொங்கலுக்கு முன்பே அடுப்பின் ஆழத்தை அளந்து, அதைவிட 5 செ.மீ. குறைவாக விறகை அறுத்துக் காயவையுங்கள். பிறகு இரண்டு அடுப்புகளில் ஒரே எடை விறகு, ஒரே அளவு தண்ணீர் வைத்து, ஒன்றில் நீள விறகையும் மற்றொன்றில் குட்டை விறகையும் எரியுங்கள். எது முதலில் கொதிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடநூல் விடையை ஒப்பிப்பதைவிட, அளந்து பார்த்துச் சொல்லும் விடையே அறிவியல்.