பி.காம். செய்த பாவம்!

கடைக்குட்டித் தம்பிக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. மார்க் இருக்கிறது, பணம்தான் இல்லை. முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டே என்று அப்பாவோடு இ-சேவை மையத்துக்கு ஓடினோம்.

"வீட்ல வேற யாராவது டிகிரி?"

"நான் பி.காம்.!" என்றேன் பெருமையாக.

"அப்ப கிடைக்காது சார்."

எனக்கே உதவாத பட்டம், தம்பிக்கு உபத்திரவமாகிவிட்டது! அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"பையன் எந்த ஸ்கூலு?" என்றார் வரிசையில் நின்ற பெரியவர்.

கடன் வாங்கி என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்ட அப்பா, காசில்லாமல் அவனை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் விட்டிருந்தார். அப்படிப் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத இடம். அதில் ஸீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சலிங் செலவு எல்லாம் அரசே பார்த்துக்கொள்ளும்!

இப்போது அப்பா தெருவெல்லாம் சொல்கிறார்: "சின்னவனை யோசிச்சுத்தான்யா அங்க சேர்த்தேன்!"