வேலிக்குள் சிவிங்கி

தமிழில் சிவிங்கி, கன்னடத்தில் சிவங்கி. தெலுங்கிலும் ஏறக்குறைய அதே சொல். அகராதிகளில் அது வேட்டைச் சிறுத்தையையும் குறிக்கும், கழுதைப்புலியையும் குறிக்கும். விலங்கு கண்ணிலிருந்து மறைந்தால் சொல்லும் இடம் தெரியாமல் அலையும் போலும். இந்தியாவில் அவ்விலங்கு 1952இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, மறுபிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன. 2023 ஆகஸ்டுக்குள் வளர்ந்தவை 6, குட்டிகள் 3 என இறப்புகள் நேர்ந்தன. வெளியே உலவியவை மீண்டும் அடைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. வேலியற்ற காட்டில் தென்னாப்பிரிக்காவில் இம்முயற்சி ஒருமுறைகூட வென்றதில்லை என்று அந்நாட்டு வல்லுநர் வின்சென்ட் வான் டெர் மெர்வே எச்சரித்திருந்தார். இந்தியத் தரப்பு வேலியை ஏற்கவில்லை.

இவ்விவாதத்தில் இரு தரப்பும் ஒன்றைத் தொடாமல் விட்டன. தென்னாப்பிரிக்க வேலி வெறும் கம்பியன்று. முறையாக வேலியிட்ட நில உடைமையாளருக்கு, விலங்கு தப்பி ஓடினாலும் அதன்மீது உரிமை நீங்காது என்கிறது அங்குள்ள 1991ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையோடு செலவும் பொறுப்பும் அவர் தலைமேல் விழுகின்றன. இந்தியச் சட்டத்தில் காட்டு விலங்கின்மீது தனியாருக்கு அத்தகைய உடைமை இல்லை. ஆகவே இங்கே செலவு வேறொருவர் தலையில் இறங்கியது. கிர் சிங்கங்களுக்கென்று குனோவிலிருந்து 24 ஊர்கள் பெயர்க்கப்பட்டன. பெரும்பாலோர் சஹாரியா பழங்குடியினர். சிங்கங்களைக் கொண்டுவருமாறு 2013இல் உச்ச நீதிமன்றமே ஆணையிட்டும் ஒரு சிங்கமும் வரவில்லை. காலியான காடு சிவிங்கிக்குப் போயிற்று. பெயர்ந்தவர்களிடம் மறுபடி எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து பார்ப்பவர்க்கு இக்கணக்கு அயலானதன்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நிலமும் சயனைடு மேடுகளும் நிறுவனத்தின் பெயரில் நின்றன. தலைமுறைகளாகக் குடியிருந்த லைன் வீடு யாருடையது என்ற கேள்விதான் நெடுங்காலம் இழுபட்டது.

2025 ஏப்ரலில் குனோவிலிருந்து இரண்டு ஆண் சிவிங்கிகள் காந்திசாகருக்கு மாற்றப்பட்டன. அங்கே 64 சதுர கிலோமீட்டருக்கு வேலி உண்டு. சிவிங்கிகளின் பிறப்பும் இறப்பும் நாளிதழ்களில் பெயரோடு வருகின்றன. வேலிக்கு வெளியே நின்றுபோன மாடுகளுக்கு இனி எங்கே மேய்ச்சல், அதற்குப் பொறுப்பேற்கும் அதிகாரி யார் என்பதையும் வனத்துறை அதே அறிக்கையில் வெளியிட வேண்டும்.